நாடிக்கட்டு

கோமதி செத்துப்போனபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது, தங்கை ஆவுடைத்தாய்க்குப் பத்தொன்பது. அதற்குப் பிறகு அக்காள் சுவரில் படமாகி அதே இருபத்துமூன்றில் நின்றுகொண்டாள், தங்கை மட்டும் வருஷா வருஷம் நடந்து நடந்து ஒருநாள் அக்காளைத் தாண்டினாள், தாண்டியும் நிற்க முடியாமல் போய்க்கொண்டே இருந்தாள், கடைசியில் திரும்பிப் பார்த்தபோது படத்தில் இருந்தது அக்காளே இல்லை, பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் அப்போதுதான் எடுத்து அடுக்கின பன் மாதிரி இரண்டு கன்னமுமாக யாரோ ஒரு சின்னப்பிள்ளை.

அந்தக் கன்னம் அவர்கள் குடும்பத்துக்கே உள்ளது. சங்கரன்கோவிலில் அந்தத் தெருவில் அவர்களைப் பன்னுவீட்டுப் பிள்ளைகள் என்றுதான் சொல்வார்கள், கிள்ளாமல் போனவர்கள் கிடையாது. கோமதி பிள்ளை பெற்ற அன்றே ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்தாள். கைப்பிள்ளையை யார் வளர்ப்பது என்ற பேச்சு வந்தது, கருமாதி முடிந்த கையோடு அத்தான் வெள்ளத்துரைக்கே ஆவுடையைக் கட்டிவைத்தார்கள். பிள்ளை தர்ஷினிக்கு முதல் பேச்சு வந்தபோது அது ஆவுடையைப் பார்த்து அம்மா என்றது. ஆவுடைக்கென்று வேறு பிள்ளை பிறக்கவில்லை, வேண்டுமென்று அவள் கோவில் கோவிலாக ஏறவுமில்லை. அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

வெள்ளத்துரை மினிபஸ் ஓட்டினான். காலையில் வண்டியை எடுக்கப் போகுமுன் படத்துக்குக் கீழே ஒரு நிமிஷம் நிற்பான், பிளாஸ்டிக் மாலையில் தூசி இருந்தால் ஊதிவிடுவான், பிறகு திரும்பி ஆவுடையைப் பார்த்து, "சோத்துல ரசம் தனியா வை" என்பான். அவன் பார்வை படத்திலிருந்து இவள் முகத்துக்கு வரும் அந்த ஒரு நொடியில் ஒரு படி இறங்குவதை ஆவுடை மட்டும்தான் கண்டிருக்கிறாள்.

ஆவுடை, தங்கப்பழம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடும் வேலையில் சேர்ந்தாள், பிறகு எல்லாக் கடையும் செல்போன் முன்னால் நின்று விற்கத் தொடங்கியபோது, அவளும் போன் முன்னால் நின்றாள். ஒரு சேலையைத் தோளில் போட்டு, முந்தியை விரித்து, "பாருங்கக்கா, இந்தக் கலரு நேர்ல இன்னும் எடுப்பா இருக்கும்" என்று அவள் சொன்னால் கோயம்புத்தூரிலிருந்தும் குவைத்திலிருந்தும் கேட்பார்கள். நாலைந்து வருஷம் அப்படி நன்றாகப் போயிற்று. பிறகு சேலையைப் பற்றிப் போனில் வந்துகொண்டிருந்த எழுத்து அவள் முகத்தைப் பற்றி வர ஆரம்பித்தது. அக்கா அழுதீங்களா. அக்காவுக்கு உடம்புக்கு ஆகலையா. அக்கா ஏன் கோபமா இருக்கீங்க. அவள் அழவுமில்லை, கோபமாகவும் இல்லை. வாயின் இரு ஓரத்திலும் சதை மடிந்து இறங்கி, தாடைக் கோட்டில் இரண்டு உருண்டையாகத் தங்கி, சிரித்தாலொழிய முகம் துக்கவீட்டு முகமாகத் தெரிந்தது. அவளுக்கு முப்பத்தேழு வயது.

அண்ணாச்சி நல்லவர், நேராகச் சொல்ல மாட்டார். "ஆவுடை, லைட்டை மாத்திப் பாப்போமா?" என்றார். லைட்டை மாற்றிப் பார்த்தார்கள். "கேமராவைக் கொஞ்சம் மேல வச்சுப் பாப்போமா?" மேலே வைத்தும் பார்த்தார்கள். அதற்கு மேல் வைக்க உத்தரம்தான் இருந்தது.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, வெள்ளைக் கோட்டுக்குக் கீழே ஷூ போட்டிருந்தாள். ஆவுடையின் கன்னத்தை இரண்டு விரலால் காதுப்பக்கம் தள்ளிப் பிடித்து, கையில் கண்ணாடியைக் கொடுத்தாள். கண்ணாடியில் கோமதி இருந்தாள். டாக்டரம்மா விரலை எடுத்தாள், கோமதி போய்விட்டாள்.

"உங்களுது கனமான முகம்ங்க. ஒல்லி முகத்துக்கு அம்பதுல வர்றது கன்னம் இருக்கவங்களுக்கு இப்பவே வந்துடும், வெயிட்டுதானே இழுக்குது. கொழுப்பைக் கரைக்க ஊசி இருக்கு, ஆனா கரைஞ்ச இடத்துல தோல் இன்னும் தொளதொளன்னு ஆகலாம். வாய்க்கு உள்பக்கமா கீறி கன்னக் கொழுப்பை எடுத்துடலாம். இப்ப நல்லா இருக்கும், அம்பதுல ஒட்டிப்போன மாதிரி ஆயிடும், அப்ப திருப்பிக் கொண்டுவர முடியாது. ஃபில்லர்னு ஒண்ணு, அது உள்ளே நிரப்புறது, உங்களுக்கு ஏற்கெனவே நிறைய இருக்கு. மெஷின்ல சூடு குடுக்கலாம், மெதுவாத்தான் இறுகும், பெரிசா எதிர்பார்க்கக் கூடாது. நூல் போட்டுத் தூக்கலாம். உடனே தெரியும், ஆனா ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம், நூல் உள்ளேயே கரைஞ்சுடும். கனமான முகத்துல நழுவவும் செய்யும். எதுவும் பண்ணாமலும் இருக்கலாம்."

"எதுவும் பண்ணாம இருந்தா என்ன ஆகும் டாக்டர்?"

"வயசாகும்."

ஆவுடை நூலைச் சொன்னாள். சேலை விற்கிறவளுக்கு நூலின் மேல் ஒரு நம்பிக்கை உண்டு.

ஊசி முனையில் நுழைத்த நூல் அவள் நெற்றிப்பொட்டுப் பக்கம் இறங்கிக் கன்னத்துக்குள் ஓடி, சதையைப் பிடித்துக்கொண்டு மேலேறியது. முகம் மரத்திருந்ததால் வலிக்கவில்லை, இழுபடும் சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டது. முடிந்ததும் டாக்டரம்மா வெள்ளத்துரையைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாயைப் பெரிதாகத் திறக்கக் கூடாது. பேச்சைக் குறைக்க வேண்டும். மெல்லக் கூடாது, கஞ்சி மாதிரி ஊற்ற வேண்டும். சிரிக்கக் கூடாது, அழவும் கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும், புரளக் கூடாது. வெயில் முகத்தில் படக் கூடாது. தாடையிலிருந்து உச்சி வரைக்கும் இந்தப் பட்டியை இரண்டு வாரம் போட்டிருக்க வேண்டும். வெள்ளத்துரை இதையெல்லாம் எங்கேயோ முன்னால் கேட்டவன் மாதிரித் தலையாட்டிக்கொண்டு நின்றான்.

சித்திரை வெயிலில் அந்த ரப்பர்ப் பட்டி அவள் கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக அரிக்க வைத்தது. அதனால் அதைக் கழற்றிவிட்டு, வெள்ளத்துரை தன் பழைய வேட்டியிலிருந்து மெத்தென்று ஒரு துண்டு கிழித்துக் கட்டினான். அவன் வாழ்க்கையில் ஒருமுறைதான் ஒருத்தருக்குத் தாடை கட்டியிருக்கிறான், கோமதிக்கு, செத்தவர்களின் வாய் திறந்துகொள்ளாமல் கட்டுகிற நாடிக்கட்டு. அவன் விரல்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு கட்டுத்தான், அவை அதையே கட்டின. தூக்கத்தில் புரளுகிறவள் என்பதால் கால் பெருவிரல் இரண்டையும் தளர்த்தியாகச் சேர்த்து ஒரு நாடாவால் முடிந்தான். காற்று நேரே வரட்டும் என்று கட்டிலை ஃபேனுக்குக் கீழே திருப்பினார்கள், தலைமாடு தெற்கே போயிற்று. வெயில் படாமலிருக்க ஜன்னல்களை அடைத்தார்கள், மத்தியானம் கரண்டு போயிற்று, வீடு இருட்டிக் கிடந்ததால் தர்ஷினி சாமி விளக்கை எடுத்துவந்து அம்மாவின் தலைமாட்டில் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது.

அடுத்த வீட்டு மாரிக்கனி மதினி மோர் கொண்டுவந்தவள் வாசல்படியிலிருந்து உள்ளே பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் செம்பை அப்படியே கீழே வைத்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, ஒப்பாரியின் முதல் வரியைத் தெருக் கேட்க எடுத்துவிட்டாள். கட்டிலில் கிடந்த ஆவுடை கண்ணை உருட்டி முறைத்த பிறகுதான் அவளுக்குப் புத்தி வந்தது.

"அட பாதகத்தி, உசுரோடயா கெடக்க? என் ஈரக்கொலையே ஆடிப்போச்சுட்டி" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் முதல் வரி வெளியே போய்விட்டிருந்தது.

போன இடத்தில் அதைக் கேட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் புறவாசல் வழியாகக் கோமதி உள்ளே வந்தாள். கட்டையிலேறும் முன் உடுத்திவிட்ட கூறைச்சேலை, நெற்றி நிறையக் குங்குமம், கன்னத்தில் அன்றைக்கு அப்பின மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது.

"வா கோமதி, எப்ப வந்த?" என்றாள் மாரிக்கனி, தென்காசி பஸ்ஸில் வந்து இறங்கினவளைக் கேட்பது மாதிரி.

"இப்பத்தான் மதினி" என்றவள் கட்டில் பக்கம் வந்து குனிந்தாள். "ஏட்டி ஆவுடை, ஒன்னயக் கூட்டிட்டு வரச் சொன்னாவ. நீ என்ன இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்க?"

ஆவுடை "ம்" என்றாள். வேறென்ன சொல்ல முடியும், வாய் கட்டியிருந்தது.

கோமதி மோரைக் குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். மூச்சு நிற்காமல் கூட்டிக்கொண்டு போக முடியாது; கட்டை அவிழ்க்காமல் வந்தவள் திரும்பிப் போகவும் முடியாது. கட்டிக்கொண்டவள் தன் கையால் அவிழ்க்க முடியாது, வேற்றாள் தொட்டும் ஆகாது, வீட்டு ஆட்கள்தான் அவிழ்க்க வேண்டும். "எனக்கும் அப்படித்தான. சுடுகாட்டுல அத்தான்லா அவுத்துவிட்டாவ." டாக்டரம்மா சொன்ன இரண்டு வாரம் முடிகிற வரைக்கும் கட்டு இருந்தாக வேண்டும் என்று வெள்ளத்துரை, கோமதியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "அதுக்கென்ன, இருக்கேன்" என்றாள் கோமதி. அவளுக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

தெரு அதை ஒரு நாளில் ஏற்றுக்கொண்டது. உடனே தீர்க்க முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வீட்டில் தீட்டு உண்டா இல்லையா என்பது. டீக்கடையில் கூடின ஆம்பளைகள் அதைப் பிய்த்துப் பிய்த்துப் பேசி, போகவேண்டியவள் போகவில்லை, போனவள் வந்திருக்கிறாள், ஆகக் கணக்கு நேராகிவிட்டது, தீட்டு இல்லை என்று தீர்த்தார்கள். வைகாசியில் கோமதியின் திதி வந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று குழம்பி, வழக்கத்தை விடக் கூடாதென்று வெள்ளத்துரை கொடுத்தான். காக்காய்க்கு வைத்ததைக் கோமதியே எடுத்துத் தின்றுவிட்டு, "அவியல்ல உப்பு கம்மி" என்றாள். படத்துக்குரியவள் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து முறுக்குத் தின்னும்போது மாலை கண்ணை உறுத்தியது, மாலையைக் கழற்றினார்கள், பிறகு படத்துக்கு மேல் எரிந்த சின்ன பல்பைக் கழற்றினார்கள், பிறகு படத்தையே எடுத்துவிட்டார்கள். சட்டம் மட்டும் வெறுமனே ஆணியில் தொங்கியது.

தங்கள் வீட்டுச் செத்தவர்களைப் பற்றிக் கேட்க வந்தவர்களிடம் கோமதி முதலில் உள்ளதைத்தான் சொன்னாள். "அங்க யாரும் யாரையும் பாக்கது இல்ல மதினி. மூஞ்சியே இருக்காது, அப்புறம் எங்கேருந்து பாக்க." அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. கிணற்றில் விழுந்த மகனைப் பற்றி மாரிக்கனி கேட்டுவிட்டு முகம் சுருங்கி எழுந்து போனதைப் பார்த்த பிறகு கோமதி பதிலை மாற்றிக்கொண்டாள். "ஒங்க மகன் நல்லா இருக்கான் மதினி. ஒங்களத்தான் கேட்டான். இன்னொருக்கா கூப்பிட்டு வெவரமாக் கேட்டுச் சொல்லுதேன்." அதிலிருந்து வீட்டில் ஆள் ஓய்ந்த நேரமில்லை.

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். தெருவில் அவளோடு பாவாடை கட்டித் திரிந்தவர்களுக்கெல்லாம் கழுத்து மடிந்து கண்ணுக்குக் கீழே பை விழுந்திருக்க, இவள் மஞ்சள் ஈரங்கூடக் காயாமல் நின்றாள். "நூலும் வேண்டாம் ஊசியும் வேண்டாம், செத்தாப் போதும் போலிருக்கே" என்று ஒருத்தி சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு அவரவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளத்துரை தலைக்குச் சாயம் போட்டான். நெற்றி ஓரத்தில் அது கறுப்பாகத் திட்டு விட்டது. "அத்தான், என்ன இது, அடுப்புல தலைய விட்டீங்களா?" என்று கோமதி கேட்க, அவன் வெட்கப்பட்டுத் துண்டால் துடைத்தான். ஆவுடை பதினெட்டு வருஷமாக அவனோடு இருக்கிறாள், அவன் வெட்கப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

தர்ஷினி முதல் இரண்டு மூன்று நாள் அடுக்களைக் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். "இதா? இதையா நான் பெத்தேன்? என் உசரம் இருக்காளே" என்று கோமதி கையை நீட்டினாள். பெற்றவளும் பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரு வயசுக்காரிகள், ஒரே கன்னம், ஒரே சிரிப்பு. இவள் சுடிதாரை அவள் போட்டுக்கொண்டாள், அவள் கூறைச்சேலையை இவள் கட்டிப் பார்த்தாள், தலையில் பேன் பார்த்துக்கொண்டே குசுகுசுவென்று பேசி விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆவுடைக்குச் சிரிக்க விலக்கு. ஒருநாள் காலையில் கஞ்சித் தம்ளரோடு கட்டிலுக்கு வந்த தர்ஷினி, "இந்தாங்க சித்தி" என்றாள்.

தப்பில்லை. பெற்றவள் வீட்டிலிருக்கும்போது சின்னம்மையைச் சித்தி என்றுதான் கூப்பிட வேண்டும், ஊரே அப்படித்தான் கூப்பிடும். ஆவுடை உறிஞ்சுகுழலால் கஞ்சியைக் குடித்தாள். அழக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் அழவில்லை. கன்னம் இரண்டும் எலுமிச்சங்காய் மாதிரி உருண்டு திரண்டு அந்தந்த இடத்தில் நின்றன.

இரண்டு வாரம் முடிந்தது. டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தபோது வெள்ளத்துரை ஆவுடையின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றான். "கழட்டியாச்சு டாக்டர். நல்லா இருக்கா. முகம் நல்லா எடுப்பா இருக்கு" என்று சொல்லி வைத்தவன், ஆவுடை தன் கட்டைத் தொட்டுக் காட்டியதும் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டும்ட்டி. கட்டு இருந்தா நல்லாத்தான நிக்கும், காசு குடுத்துப் போட்டது." ஒரு வாரத்துக்குப் பிறகு ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும் என்றான், கோமதி தபசு பார்த்து எத்தனை வருஷமாயிற்று. அவளால் ஆவுடை கிடக்கும் வீட்டை விட்டுத் தெருமுனைக்கு மேல் போக முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது, ஏதோ கயிறு கட்டியிருப்பது மாதிரி அங்கேயே நின்றுவிட்டாள். ஆகவே சப்பரத்தைக் கொஞ்சம் சுற்றி அந்தத் தெருமுனை வழியாகக் கொண்டுவந்தார்கள். ஊர் அவ்வளவு செய்தது.

அண்ணாச்சி ஆவுடையைப் பார்க்கத்தான் வந்தார், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு. வந்தவர் கோமதியைப் பார்த்தார். பழத்தை யார் கையில் கொடுப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தார். மறு வாரத்திலிருந்து கோமதிதான் சேலை காட்டினாள், அவள் கடைக்குப் போக முடியாததால் கடை வீட்டுக்கு வந்தது; நடுக்கூடத்தில் வட்ட லைட்டும் போனும் வைத்து, ஆவுடையின் கட்டில் தெரியாமலிருக்கக் குறுக்கே கொடி கட்டி ஒரு மாம்பழக் கலர்ப் பட்டைப் பின்திரையாகப் போட்டார்கள். கோமதிக்கு ஜவுளி பற்றி ஒன்றும் தெரியாது, பேசவும் வராது. சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா பார்த்தாள். போதுமாயிருந்தது. குவைத்திலிருந்து இதயம் இதயமாக வந்து விழுந்தன. திரைக்குப் பின்னால் மல்லாந்து கிடந்த ஆவுடைக்கு எந்தச் சேலைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. இந்தக் கலரு நேர்ல இன்னும் எடுப்பா இருக்கும்.

அவள் சும்மா கிடக்கவில்லை. முடிச்சைத் தன் விரலால் பிரித்துப் பார்த்தாள், நகம் உடைந்தது. கத்தரிக்கோலை எடுத்து வைத்துப் பார்த்தாள், துணி அவள் கைக்கு மட்டும் கல்லாக இருந்தது, கத்தரி வழுக்கிக்கொண்டு போயிற்று. போனில் வெள்ளத்துரைக்கு எழுதினாள்: அவுத்து விடுங்க அத்தான். அவன் படித்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக இரண்டு கோடும் நீலமாயின, பதில் வரவில்லை. கால்விரல் நாடா தளர்த்தியானது, அதை உருவிவிட்டு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மாரிக்கனி வீட்டுக்குப் போனாள். மாரிக்கனிதான் எடுத்துச் சொல்ல வேண்டும், அவள் சொன்னால் வெள்ளத்துரை கேட்பான். அவள் காலைத் தொட்டு, கட்டைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டாள்.

மாரிக்கனி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒம் பாவம் என்னயச் சும்மா விடாது, தெரியும் தாயி. ஆனா எம் மகன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுதேன்னுருக்கா. அது மட்டும் வந்துரட்டும், நானே வந்து வெள்ளத்துரை சட்டையப் பிடிக்கேன்." பிறகு, "வெயில்ல வராதட்டி, மூஞ்சி கறுத்துரும்" என்று சொல்லிக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து படுக்க வைத்து, கால்விரல் நாடாவை எடுத்து அவளே முடிந்துவிட்டுப் போனாள்.

தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்றார்கள். ஆவுடைக்குப் பசி குறைந்தது. முதலில் மத்தியானக் கஞ்சி வேண்டியிருக்கவில்லை, பிறகு காலைக் கஞ்சியும் வேண்டியிருக்கவில்லை. கஞ்சி வேண்டாமென்றாகிவிட்டால் யாரும் கட்டில் பக்கம் வர வேண்டிய வேலை இல்லை. கோமதி மட்டும் விற்பனை முடிந்ததும் பின்திரையை விலக்கிக்கொண்டு வந்து தரையில் உட்காருவாள்.

"எனக்கு அலுத்துப்போச்சுட்டி" என்றாள் ஒருநாள். "காலையிலேருந்து எல்லாரும் மூஞ்சியவே பாக்காவ. அங்க அது ஒண்ணுதான் சொகம், மூஞ்சி கெடையாது. நீ என்னத்துக்குட்டி இதுக்குப் போயி நூலு கோத்துக்கிட்ட?"

ஆவுடை சுவரில் தொங்கிய வெற்றுச் சட்டத்தைக் காட்டினாள். கோமதி அதைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"அத்தான்ட்ட ரெண்டு மட்டம் சொல்லிப் பாத்தேன், பச்சப்பிள்ளை மாதிரி அழுதாவ. அவுக அவுக்க மாட்டாவ. தர்ஷினிட்ட சொல்லுதேன். அது நீ வளத்த பிள்ளைலா, அவுத்துரும்."

ஆவுடைக்கும் அதில் சந்தேகமில்லை. சாயங்கால வெயில் கூடத்தில் நீளமாக விழுந்திருந்த நேரம், காலேஜ் விட்டு வந்த தர்ஷினியைக் கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிவந்தாள் கோமதி.

"அவுத்துவிடு பிள்ள."

"அவுத்தா நீ போயிருவ."

"போகணும்லா. நான் போன ஆளுதான."

"அவுக்காட்டி?"

கோமதி கட்டிலைப் பார்த்தாள். "அவுக்காட்டி இவ கொஞ்சங் கொஞ்சமா… பாரு, மூச்சு எப்படி இருக்குன்னு."

"ஆனா இங்கதான இருப்பாங்க?" என்றாள் தர்ஷினி. அவள் குரலில் கொடுமை ஒன்றுமில்லை, கணக்குப் போடுகிற குரல்தான். "நீ போனா ஒரேயடியாப் போயிருவ. சித்தி இங்கதான இருப்பாங்க."

"சித்தின்னு சொல்லாத. அவதான் ஒனக்கு அம்மை. எனக்கு ஒன்னயத் தெரியவே தெரியாது பிள்ள, பெத்த அன்னைக்கே போயிட்டேன். பீயள்ளினது இவ, பால் காய்ச்சினது இவ. அவுத்துவிடு."

தர்ஷினி கட்டில் தலைமாட்டுக்கு வந்தாள். ஆவுடையின் உச்சந்தலையில் அவள் விரல்கள் பட்டன, சின்ன விரல்கள், நகத்தில் சாயம் போட்டவை. ஆவுடையின் கைக்குக் கல்லாக இருந்த முடிச்சு அந்த விரல்களுக்கு வெண்ணெயாக இளகியது. ஒரு சுற்றுக் கழன்றது. தாடைக்குக் கீழே காற்றுப் பட்டது. ஆவுடை வாயைத் திறக்கப் பார்த்தாள், எத்தனையோ மாதமாய்த் திறக்காத வாய் திறக்கும் வழியை மறந்துபோயிருந்தது, எங்கேயோ உள்ளே பிள்ளையின் பெயர் கிளம்பி ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் கோமதி பாதத்திலிருந்து மங்க ஆரம்பித்தாள். கொலுசு போயிற்று, சேலைக்கரை போயிற்று, இடுப்பு வரைக்கும் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது, கன்னத்து மஞ்சள் மட்டும் வெயிலோடு வெயிலாகக் கொஞ்சம் நின்றது.

"அம்மா!" என்று கத்தினாள் தர்ஷினி.

ஆவுடை, "ம்" என்றாள்.

பிள்ளையின் கை அதற்குள் துணியின் இரு முனையையும் இழுத்துப் பிடித்திருந்தது. இழுத்து, ஒருமுறை சுற்றி, இரண்டு வளையம் போட்டு, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, மிஞ்சின நுனியை உள்ளே சொருகினாள். ஆவுடைக்கு அந்த முடிச்சைத் தெரியும். இரண்டாம் வகுப்பில் ரிப்பன் அவிழ்ந்து விழுந்து விழுந்து டீச்சரிடம் தினம் அடி வாங்கி வந்த பிள்ளைக்கு, ஓடினாலும் ஆடினாலும் அவிழாமலிருக்க அவளே யோசித்துப் போட்டுப் பழக்கிய முடிச்சு. வெள்ளத்துரையின் கட்டைவிட அது உறுதி.

சுவர் மறைந்தது, இடுப்பு வந்தது, சேலைக்கரை வந்தது, கொலுசு வந்தது. கோமதி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தர்ஷினி ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள், கோமதியின் கை சும்மா தொங்கியது, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளையின் முதுகைத் தடவியது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் அவிழ்த்துவிடச் சொல்லவில்லை.

அழுது முடித்து தர்ஷினி திரும்பி வந்து குனிந்தாள். "ரொம்ப இறுக்கிட்டேனா? வலிக்குதா சித்தி?"

ஆவுடைக்கு வலிக்கவில்லை. அதைச் சொல்ல "ம்" என்று வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெரிய விற்பனை. அண்ணாச்சி புது லைட் வாங்கிப் போட்டிருந்தார், தெருவே கூடத்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது, கோமதி ஒரு கிளிப்பச்சைச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நின்றாள். நடுவில் கொடிக்கயிறு ஒருபக்கம் இறங்கி மாம்பழப் பட்டுச் சரிந்து தரையில் விழுந்தது. எடுத்துக் கட்ட அண்ணாச்சி எழுந்தவர், போனில் எழுத்துகள் மளமளவென்று ஓடுவதைப் பார்த்துக் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார். யாரும் பச்சைச் சேலையைக் கேட்கவில்லை.

அக்காவுக்குப் பின்னாடி படுத்திருக்கிறது யாரு. என்ன முகம்ங்க அது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொய்வு இல்லை. கன்னத்தைப் பாருங்க, பன்னு மாதிரி. தூங்கும்போதே இவ்வளவு அழகா. அந்த அக்கா என்ன போடுறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க.